ஈறு வீங்கினால் இதயத்துக்கு என்ன?

நம்பிக்கை: மலை ஏறி இறங்கித் தேயிலைக் கொழுந்தெடுக்கும் உடம்புக்கு மாரடைப்பு வராது. கொழுப்புத் தின்கிறவர்களுக்குத்தான் குழாய் அடைக்கும்.

உண்மை: உழைப்பு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. இதயக் குழாயின் சுவர் உயிருள்ளது. கெட்ட கொழுப்பு அதற்குள் புகுந்ததும் வெள்ளணுக்கள் அதை விழுங்க வந்து குவிகின்றன. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அது தணியாவிட்டால், கொழுப்புத் திட்டை மூடிய மெல்லிய படலம் நைந்து கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. பாதிகூட அடைபடாத குழாயிலும் இது நடக்கும். நேற்று வரை பேர் போட்டு வேலை செய்தவர் இன்று திடீரென விழுவது இப்படித்தான்.

2017இல் வெளியான காண்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்குக் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

நம்பிக்கை: ஈறில் இரத்தம் கசிவது சும்மா. வெற்றிலை போட்டால் பல் உறுதிப்படும்.

உண்மை: ஈறு நோய் எப்படி வளர்கிறது என்பதைப் பல் வைத்திய உலகமே நம்மவர்களிடம்தான் படித்தது. 1970இல் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர் இலங்கையின் பூண்டுலோயாப் பக்கம் டன்சினேன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பல் தூரிகையே அறியாதவர்கள் அவர்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறு அழற்சி. 11 சதவீதத்தினருக்கு அது ஈறோடு நின்றது. மற்றவர்களுக்குப் பல்லின் பிடிமானத்தையே அரித்தது. உலகெங்கும் பல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஆய்வு இது. ஆய்வுக்கு வாய் திறந்த அந்த லயத்துக்காரர்களின் பெயர்கள்தான் எங்கும் இல்லை.

அந்த ஆய்வு இதயத்தைப் பார்க்கவில்லை. ஈறு நோய் உள்ளவர்களிடம் இதயநோய் கூடுதல் என்பதைப் பிந்திய பல ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. ஆகவே, பல் துலக்கினால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலையும், பீடியும் சிகரெட்டும் அப்படியல்ல. அவற்றின் கேட்டில் சந்தேகமே இல்லை. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: நெஞ்சைப் பிடித்தால் அது வாயு.

உண்மை: இஞ்சித் தண்ணி குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வலி கைக்கோ தாடைக்கோ ஏறினாலும், வியர்த்து மூச்சு வாங்கினாலும் உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம்.