கொட் மீன் ஏன் பெருகவில்லை?

கேள்வி: நியூஃபவுண்ட்லாந்தில் 1992இல் கொட் மீன்பிடியை நிறுத்தினார்கள். பிறகும் மீன் ஏன் சட்டென்று பெருகவில்லை? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: கடல் குளிர்ந்ததும் இரை குறைந்ததும் காரணங்கள். ஆனால் தடைக்கு முன்பே மீனும் மாறிவிட்டது. இழுவலைகள் ஆண்டுக்கணக்காக அள்ளிய கடலில், ஆறு வயதில் சினைப்படும் மீன் முட்டையிடுமுன் பிடிபட்டது. ஐந்திலேயே சினைப்பட்ட மீனே வம்சம் விட்டது. வடக்குக் கொட் மீனின் முதிர்ச்சி வயது ஏறத்தாழ ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியதையும், அது பரம்பரை மாற்றத்தின் அறிகுறி என்பதையும் 2004இல் ‘நேச்சர்’ ஆய்விதழ் வெளியிட்டது. சீக்கிரம் சினைப்படுவது அழிவைத் தள்ளிப்போடும். ஆனால் சிறிய தாய்க்கு முட்டை குறைவு. பெரிய தாயோ பல இலட்சம் இடும்! வலையை நிறுத்தினாலும் பழைய இயல்பு மெல்லத்தான் திரும்பும். 2024 ஜூனில் கனடிய அரசு தடையை நீக்கியது அவசரம் என்பதே என் தீர்மானமான கருத்து.