மண்டையிடி: மாத்திரையோடு முடிவதும் முடியாததும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அது என் மதினிக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நம் ஹாஸ்டல் தலைவலிகளைப் பார்த்துவிடுவோம் நண்பர்களே, நம்மில் அது வராதவர் யார்?

முதலில் ஒரு வேடிக்கை. மூளைக்கு வலி தெரியாது. மண்டை ஓட்டைத் திறந்துவிட்டால், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் ஆபரேஷன் செய்ய முடிகிறது. வலி தெரிவது மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும், இரத்தக் குழாய்களுக்கும், தலை, கழுத்துத் தசைகளுக்கும்தான். எனவே "மூள வலிக்கிடா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நமக்கு அதிகம் வருவது இறுக்கத் தலைவலி. டிராயிங் போர்டின் முன் நாலு மணி நேரம் குனிந்து நின்றாலும், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலும், ரெக்கார்டு நோட்டை ஒரே இரவில் எழுதி முடித்தாலும் இது வரும். தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போல இரண்டு பக்கமும் அமுக்கும். வாந்தி வராது, நடந்தால் கூடாது. அரை மணியிலும் போகலாம், ஒரு வாரமும் கிடக்கலாம். தூக்கம், தண்ணீர், காலைச் சாப்பாடு இந்த மூன்றையும் ஒழுங்காக்கினாலே பாதி போய்விடும். மெஸ்ஸில் இட்லியைத் தவிர்த்துவிட்டு டீயிலேயே மதியம் வரை ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

ஒத்தைத் தலைவலி வேறு ஜாதி. பெரும்பாலும் ஒரு பக்கம், நாடி துடிப்பது போல விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வயிற்றைப் புரட்டும், மாடிப்படி ஏறினால் கூடும். மருந்தில்லாமல் விட்டால் 4 மணியிலிருந்து 72 மணி வரை நிற்கும். சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். பெண்களுக்கு அதிகம், குடும்பத்திலும் வரும். என் ரூம்மேட் ஒருவன் வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து இருட்டறையில் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொள்வான். 'நடிக்கான்' என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. நடிப்பில்லை என்று இப்போது தெரிகிறது. 'சைனஸ்' என்று பெயர் சூட்டி வருடக்கணக்காக ஆவி பிடிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதும் இந்த ஒத்தைத் தலைவலிதானாம். அடிக்கடி வந்தால் வராமல் தடுக்கத் தனி மாத்திரைகள் உண்டு, ஆனால் அவற்றை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாத மாத்திரையும் அதில் ஒன்று.

பெட்டிக்கடை மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் 'ஏபிசி மாத்திரை' என்று ஒன்றைச் சொல்வார்கள். அதிலிருந்த பினாசிடின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, நம் நாடு உட்படப் பல நாடுகளில் தடை செய்தார்கள். இன்று கிடைக்கிற மாத்திரைகளிலும் ஒரு வம்பு இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காபீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே வந்தால் அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். வலிக்குது என்று போடுகிறோம், போடுவதால் வலிக்குது.

நம் தொழிலுக்கே உரிய ஒன்றும் உண்டு. மூடிய அறையில் ஜெனரேட்டரோ டீசல் எஞ்சினோ ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, கிறுகிறுத்து, வெளியே வந்ததும் தெளிந்தால் அதுதான் என்று சந்தேகப்பட வேண்டும். மாத்திரையைத் தேடாதீர்கள், எல்லோரையும் வெளியே இழுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எத்தனை வீட்டில் ஜெனரேட்டரைத் திண்ணைக்குள்ளேயே ஓட்டினோம் என்று நினைத்துப் பார்த்தால் இப்போது பயமாக இருக்கிறது.

இனி மதினி கதை.

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊர். அண்ணனுக்கு ஆண் குழந்தை, சுகப்பிரசவம். ஒன்பதாம் நாள் மதினிக்கு மண்டையிடி. ஆச்சி, "தலையில நீர் கோத்திருக்கு, பச்ச உடம்புல்லா" என்றாள். சுக்கை உரசிப் பத்துப் போட்டாள், நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் தடவினாள். அதெல்லாம் நீர்க்கோவைக்கு நல்ல வைத்தியந்தான், அதில் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் கூடவே இன்னொரு பத்தியம் நடந்தது. பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி கூடாது, வயிறு வைக்கும் என்று நாளுக்கு ரெண்டு டம்ளர் வெந்நீர்தான். அவளோ பாலும் கொடுக்கிறாள். மாத்திரை வாங்கி வந்தது நான். ஒரு நாளில்லை, மூன்று நாள்.

படுத்தால் வலி கூடுகிறது என்றாள், உட்கார்ந்தே தூங்கினாள். விடிகாலையில் வாந்தி. "தம்பி, காலண்டர் ரெண்டாத் தெரியிடா" என்றாள். களைப்பு என்று நினைத்தோம். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு ஒரு டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "வயலுக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் நல்லாத்தான் இருக்கு தம்பி. வடிகால் அடைச்சிருக்கு." மூளைக்குப் போன இரத்தம் திரும்பி வருகிற சிரைகளில் இரத்தம் உறைந்துவிட்டது. பிரசவத்தில் இரத்தம் நிறையப் போய்விடாமல் காக்க, கர்ப்ப காலத்திலும் பிறகு ஆறு வாரம் வரையிலும் உடம்பு இரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் நிலையில் இருக்கிறது. அதோடு தண்ணீரும் குறைந்தால் உறைவதற்கு இன்னும் வசதி. வடியாத வயலில் தண்ணீர் நிற்பது போல மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்தாலும் இருமினாலும் வலி கூடுவது அதனால்தான். முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்தவர்களுக்கு வரும் தலைவலி இதற்கு நேர் எதிர்: உட்கார்ந்தால் கூடும், படுத்தால் தணியும். சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்த அடைப்பு சில சமயம் தெரியாமலும் போகும் என்றார்கள்.

ஹெப்பாரின் ஊசி, வலிப்புக்கு மருந்து, பிறகு மாதக் கணக்கில் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மதினி பிழைத்துக்கொண்டாள். இப்போது பையன் நடக்கிறான். ஆச்சி மட்டும் இன்னும் அந்த ரெண்டு டம்ளர் பேச்சை எடுத்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னது, அவள் என்ன செய்வாள்? மூன்று நாள் மாத்திரை வாங்கிய படித்த பிள்ளை நான்தானே.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இனி வருவது. எந்தத் தலைவலிக்குக் காத்திருக்கக் கூடாது? இடி விழுந்தது போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, 'வாழ்க்கையில் இப்படி வலித்ததேயில்லை' என்று சொல்ல வைக்கிற வலி, மூளையைச் சுற்றி இரத்தக் கசிவாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்தை முன்னால் மடக்க முடியாமை, மூளைக் காய்ச்சல். வலியோடு கை கால் மரத்தல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், வலிப்பு, குழப்பம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் புதிதாக வரும் கடும் வலி. கர்ப்பிணிக்கு அது இரத்தக் கொதிப்பாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக ஆரம்பிக்கும் வலியையும், கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் வலியையும் நம் அப்பா அம்மாவுக்காக ஞாபகத்தில் வையுங்கள்.

பைக்கில் விழுந்தவன் எழுந்து, "ஒண்ணுமில்லடே" என்று சிரித்துப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்துத் தலை வலிக்குது என்று வாந்தி எடுத்து, தூங்கித் தூங்கி விழுந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். மண்டைக்குள் இரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் தலைவலிக்கும் நம் பகுதியில் தனிக் கவனம் வேண்டும். கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் புரூபனும் கூடாது, இரத்தப்போக்கை அவை கூட்டும். வயலிலோ வெள்ளத் தண்ணீரிலோ நின்றவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சல். பின்னிரண்டுக்கும் நேரத்தில் கொடுத்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தே கேட்கும்.

டாக்டரிடம் போகும்போது, "தல வலிக்கி" என்பதோடு நிறுத்தாமல், எப்போது ஆரம்பித்தது, எந்த இடம், எவ்வளவு நேரம், படுத்தால் கூடுமா தணியுமா, என்ன மாத்திரை எத்தனை போட்டேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஐகிரவுண்டில் அன்று என்னிடம் இவை அத்தனையும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது மாத்திரையின் பெயர் மட்டும்தான்.