வேரை அரிக்கும் பூச்சிகள்: காலமறிந்து தடுக்கும் முறை

மும்பை டிராம்பே பகுதியிலுள்ள சீத்தா கேம்ப், 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனி மக்கள் இடம் மாற்றிக் குடியமர்த்தப்பட்டபோது உருவான குடியிருப்பாகும். தமிழர் பலர் வாழும் இங்கு உழுவதற்கு நிலமில்லை. ஆயினும், தொலைவிலுள்ள உழவர் தம் வயலில் எடுக்கும் முடிவு இங்குள்ள அடுப்பை வந்தடைகிறது. வாஷி மொத்தச் சந்தை வழியாக வரும் முள்ளங்கியிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் துளை இருந்தால் இல்லத்தரசி அதனை ஒதுக்கிவிடுகிறார். துளையற்ற கிழங்கில் நஞ்சு தங்கியுள்ளதா என்பதை மட்டும் அவரால் கண்டறிய இயலாது.

இலையைத் தின்னும் பூச்சி கண்ணில் படும். வேரைத் தின்பது, செடி வாடிய பின்னரே தெரியவரும். அந்நிலையில் உழவர் அச்சத்தால் குருணை மருந்தை அள்ளித் தூவுவதே வழக்கம். மண்ணில் இடப்பட்டு வந்த ஆல்டிரின், குளோர்டேன், பி.எச்.சி. ஆகியவை 1996, 1997-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டன. வேர் வழியே செடிக்குள் ஏறும் போரேட் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு விலக்கப்பட்டது. உள்ளே ஏறிய நஞ்சைக் கழுவி நீக்க முடியாது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மகாராஷ்டிர உழவர் ‘ஹுமணி’ என்றழைக்கும் வெள்ளை வேர்ப்புழுவை எடுத்துக்கொள்வோம். கரும்பு, நிலக்கடலை மட்டுமன்றி மிளகாய், கத்திரி, உருளைக்கிழங்கு முதலியவற்றையும் இது தாக்குகிறது. பாதிக்கப்பட்ட செடியை இழுத்தால் எளிதில் கையோடு வந்துவிடும். இதன் வாழ்க்கை முறையிலேயே தடுப்பு வழியும் உள்ளது. மே, ஜூன் மாதங்களில் முதல் நல்ல மழை பெய்ததும் வண்டுகள் அந்திவேளையில் மண்ணிலிருந்து வெளிவந்து, வேம்பு, கருவேல மரங்களில் கூடி இலையைத் தின்று இணைசேர்கின்றன. விடியுமுன் மண்ணுக்குத் திரும்புகின்றன. ஆண்டுக்கு ஒரு தலைமுறையே உண்டு. எனவே அச்சில இரவுகளில் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டு அழித்தால், பின்னர் வேரில் தேட வேண்டிய புழுக்கள் பெரிதும் குறையும்.

இதற்குப் பணச்செலவு சொற்பம், தேவைப்படுவது உடன்பாடு. ஒருவர் தம் மரத்தை உலுக்கி, அடுத்தவர் வாளாவிருந்தால், அங்கிருந்து வண்டு பறந்து வரும். செலவு ஒருவருக்கு, ஆதாயம் ஊருக்கு என்ற நிலையில் தனிமனிதர் தயங்குவது இயல்பே. ஆகவே இப்பணியைக் கிராம சபை ஏற்று, முதல் மழைக்கு முன்னரே ஆட்களை அமர்த்துவது பொருத்தமாகும். மருந்து விற்பதில் வணிகருக்குக் கழிவு கிடைக்கிறது. மரத்தை உலுக்குவதில் யாருக்கும் கிடைப்பதில்லை. இம்முறை பரவாமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கோடை உழவால் மேலே வரும் புழுக்களைக் காகமும் மைனாவும் பொறுக்கித் தின்னும். மக்காத சாணம் இளம்புழுவுக்குப் புகலிடம் என்பதால், நன்கு மக்கிய எருவையே இடல் வேண்டும். உயிரியல் முறைகளும் உள்ளன. மெட்டாரைசியம் என்ற பூஞ்சையை வண்டினப் புழுக்களுக்கு எதிராகப் பயன்படுத்த, உருசிய அறிஞர் மெச்னிகாஃப் 1879-லேயே முயன்றார். பூச்சிக்குள் புகுந்து கொல்லும் ‘ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா’ என்ற நூற்புழு, தமிழகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1992-இல் பெயரிடப்பட்டதாகும். இவையிரண்டும் ஈரமண்ணில், மாலை நேரத்தில், புழு சிறிதாக இருக்கும்போது இடப்பட்டால்தான் பயன்தரும். வறண்ட மண்ணில் இட்டுவிட்டுப் பழி கூறுவதில் பயனில்லை.

சர்க்கரைவள்ளியின் கூன்வண்டு வேறு வகையினது. இது மண் வெடிப்புகளின் வழியே கிழங்கை அடைந்து முட்டையிடுகிறது. புழு சிறிதளவே குடைந்தாலும் கிழங்கு கசந்துவிடுவதால் முழுக் கிழங்கும் வீணாகிறது. வண்டற்ற கொடித்துண்டுகளை நடுதல், வெடிப்பு மூடுமாறு மண் அணைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியவை திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைப்பவை. ஏகாதசி, மகா சிவராத்திரி நோன்புகளுக்காக மும்பையில் இக்கிழங்கின் தேவை கூடுகிறது. அந்த விலையை எதிர்பார்த்து, முதிர்ந்த கிழங்கை மண்ணிலேயே விட்டுவைக்கும் ஆசை உழவருக்கு எழும். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வண்டுக்கே கூடுதல் வாய்ப்பு. ஆகையால் நோன்பு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நடவு நாளைக் குறிப்பதே தக்கது. அறுவடைக்குப்பின் எஞ்சிய கிழங்கையும் கொடியையும் பொறுக்கி அழித்துவிட வேண்டும்.