எச்சரிக்கைச் செய்தி: எழுதுவதும் வாசிப்பதும்

மழைக்காலத்தில் வெலிமடைப் பக்கத்துக் கமக்காரக் குடும்பங்கள் கைத்தொலைபேசியில் முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு என்ன விலை போகிறது என்பது. மற்றது, மழை எப்போது விடும் என்பது. விலையைப் பிழையாக விளங்கிக்கொண்டால் ஒரு போக வருமானம் குறையும். மழை பற்றிய செய்தியைப் பிழையாக விளங்கிக்கொண்டால் உயிரே போகலாம்.

ஆகவே இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது எச்சரிக்கைச் செய்தி. இணையத்தளம் ஒன்றின் திரையில் அது எங்கே இருக்க வேண்டும், எப்படி எழுதப்பட வேண்டும், அதை வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். கிராமத்துக்காகவோ தோட்டத்துக்காகவோ இணையப் பக்கம் நடத்தும் இளைஞர்களுக்கும், அதைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

1. எச்சரிக்கை இருந்தும் ஏன் உயிர்கள் போயின?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் கூறியிருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் குடியேறுவதற்குக் காணியும் வீடும் கொடுக்கப்படவில்லை. தப்பிய குடும்பங்கள் நீண்ட காலம் தற்காலிக முகாமில் வாழ நேர்ந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவே பெரும் அழிவைச் செய்தது. பதுளை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த நாட்களில் அரச நிறுவனங்களின் அறிவிப்புகள் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன என்ற விமர்சனம் எழுந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. அனர்த்த வேளையில் இந்த உரிமை உயிர் காக்கும் உரிமையாகிறது.

இவ்விரு சம்பவங்களிலிருந்தும் நாம் பெறும் பாடம் இது: எச்சரிக்கை வழங்கப்படுவது முதற்படி மாத்திரமே. அது உரியவரிடம், அவருடைய மொழியில், அவர் செய்யக்கூடிய ஒரு செயலைச் சொல்லிச் சேர வேண்டும். அப்போதுதான் அந்த வேலை முடிகிறது.

2. மூன்று நிறங்களின் பொருள்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வழங்குகிறது. மழையளவே இதற்கு அடிப்படை.

மஞ்சள் (முதலாம் நிலை): 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை. விழிப்பாக இருக்க வேண்டும்.

செம்மஞ்சள் (இரண்டாம் நிலை): 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர். வெளியேறத் தயாராக இருக்க வேண்டும்.

சிவப்பு (மூன்றாம் நிலை): 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர். வெளியேற வேண்டும்.

இந்த அளவை வீட்டிலும் பார்க்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு பேணியை மரமும் கூரையும் இல்லாத வெளியில் வையுங்கள். நாளாந்தம் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து, ஊற்றிவிடுங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் நீர் நின்றால் அதுவே 75 மில்லிமீற்றர். பத்துச் சென்ரிமீற்றர் 100 மில்லிமீற்றர். கடும் மழையில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் கவனிக்க வேண்டும். அரச அறிவிப்பில் “பிரிவு” என்றால் பிரதேச செயலாளர் பிரிவு: வெலிமடை, ஊவா பரணகம, ஹல்துமுல்ல என்பன போல. தோட்டத்திலோ “டிவிசன்” என்றால் மேல் டிவிசன், கீழ் டிவிசன். தன் டிவிசனின் பெயர் அறிவிப்பில் இல்லை என்று ஒருவர் நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடும். ஒவ்வொரு குடும்பமும் தன் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்போர் இரண்டு இடங்களின் பெயரையும் எழுத வேண்டும்: இப்போது தங்கியிருக்கும் இடம் ஒன்று, தோட்டச் செய்கை இருக்கும் பழைய இடம் மற்றது.

3. செய்தியை எழுதுவது

நாம் அடிக்கடி காணும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

“தற்போது நிலவும் சீரற்ற காலநிலை காரணமாக மண்சரிவு அபாயம் காணப்படுவதால் பொதுமக்கள் அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த இடம்? எதுவரை? “அவதானம்” என்றால் வீட்டில் இருப்பதா, புறப்படுவதா? இதை வாசித்த தாய் ஒருவர் பிள்ளைகளை எழுப்புவதா விடுவதா என்று முடிவெடுக்க முடியாது. இதே செய்தியை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம். (இது பயிற்சிக்கான மாதிரி மாத்திரமே.)

“சிவப்பு – மூன்றாம் நிலை. இப்போதே வெளியேறுங்கள்.
இடம்: வெலிமடை பிரதேச செயலாளர் பிரிவு. நம் ஊரில்: மேல் டிவிசன் லயன்கள், ஓடைக்கரை வீடுகள்.
செய்ய வேண்டியது: பாடசாலை மண்டபத்துக்குப் போங்கள். ஓடைப் பாதையால் போகவேண்டாம், பிரதான வீதியால் போங்கள்.
காலம்: இன்று மாலை 4 மணி முதல் நாளை மாலை 4 மணி வரை.
வழங்கியது: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அவசர உதவிக்கு: 117.”

என்ன நிலை, எந்த இடம், என்ன செய்வது, எதுவரை, யார் சொன்னது என்ற ஐந்து கேள்விகளுக்கும் இதில் பதில் உண்டு. முதல் வரியை மட்டும் வாசித்தவருக்கும் வேண்டியது கிடைத்துவிடுகிறது. உலகளவில் 2004ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள “பொது எச்சரிக்கை நெறிமுறை” என்னும் நியமமும் இதே வழியில்தான் அமைந்துள்ளது. அவசரம், கடுமை, நிச்சயம், இடம், அறிவுறுத்தல், முடிவுநேரம் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனி இடங்கள் உண்டு. ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது.

“நம் ஊரில்” என்ற பகுதியை ஊர்ச் சங்கம் தானாக எழுதக்கூடாது. எந்த வீடுகள், எந்தப் பாதை, எந்த மண்டபம் என்பவற்றை மழைக்கு முன்னரே கிராம உத்தியோகத்தருடன் இருந்து பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. திரையில் வைப்பது

இனி, இணையப் பக்கம் நடத்தும் இளைஞர்களுக்கான பகுதி.

(அ) எச்சரிக்கை எல்லாப் பக்கங்களிலும் உச்சியில் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு விலை பார்க்க வருபவர் விலைப் பக்கத்துக்கே நேரே வருவார். முகப்புப் பக்கத்தை அவர் பார்க்கமாட்டார்.

(ஆ) செய்தியை எழுத்தாகவே, யூனிகோட் தமிழில் இடுங்கள். படமாகவோ பி.டி.எப். கோப்பாகவோ இட்டால் அலைவரிசை குறைந்த இடத்தில் அது திறக்காது. பார்வை குறைந்தோருக்காக வாசித்துக் காட்டும் மென்பொருளும் படத்திலுள்ள எழுத்தைச் சரியாக வாசிக்காது.

(இ) நிறத்தை மாத்திரம் நம்பவேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்கள் மத்தியில் கணிசமாக உள்ளனர். பழைய தொலைபேசித் திரையில் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியலாம். நிறத்தோடு “சிவப்பு – வெளியேறுங்கள்” என்று சொல்லையும் எழுதுங்கள்.

(ஈ) திரையை மறித்து எழும் பெட்டியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாதீர்கள். கூட்டத் திகதிக்கும் உர விநியோகத்துக்கும் அப்படிப் பெட்டி எழுந்தால், மக்கள் வாசிக்காமலே அதை மூடப் பழகிவிடுவார்கள். சிவப்பு வரும் நாளிலும் அதே விரல் அதே வேகத்தில் மூடிவிடும். சாதாரண அறிவித்தலுக்குப் பக்கத்தினுள் அமைதியான ஒரு பட்டை போதும்.

(உ) சில விநாடிகளில் தானாக மறையும் செய்தி, “பதிவு சேமிக்கப்பட்டது” போன்றவற்றுக்குப் பொருந்தும். ஆபத்துச் செய்தி முடிவுநேரம் வரை நிற்க வேண்டும். முடிவுநேரம் கடந்ததும் நீங்க வேண்டும். நேற்றைய சிவப்பு இன்றும் நின்றால் நாளைய சிவப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

(ஊ) எச்.ரி.எம்.எல். மொழியில் பெட்டி ஒன்றுக்கு “ரோல்” என்னும் பண்பைக் கொடுக்கலாம். அதன் பெறுமதி “அலேர்ட்” என்றிருந்தால், பெட்டிக்குள் புதுச் செய்தி சேர்ந்தவுடன் வாசிப்பு மென்பொருள் மற்றதை நிறுத்திவிட்டு அதை வாசிக்கும். அவசரமற்ற செய்திக்கு “ஸ்டேட்டஸ்” என்று கொடுத்தால் அது இடைவெளி பார்த்து வாசிக்கும். வெறும் பெட்டியை முதலில் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்னர் அதற்குள் செய்தியைச் சேர்க்க வேண்டும். பக்கம் திறக்கும்போதே உள்ளே இருக்கும் செய்தியை மென்பொருள் பொதுவாக அறிவிக்காது.

(எ) காலையில் திறந்து வைத்த பக்கம் மாலையிலும் காலைச் செய்தியையே காட்டலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதுச் செய்தி உண்டா என்று பக்கம் தானே பார்க்குமாறு அமையுங்கள். “கடைசியாகப் பார்த்த நேரம்” என்றும் காட்டுங்கள்.

5. பொய் எச்சரிக்கையும் மீளப்பெறுதலும்

2018 ஜனவரி 13ஆம் திகதி, அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது ஒத்திகை அல்ல என்ற செய்தி மக்களின் கைத்தொலைபேசிகளுக்குப் போனது. ஏவுகணை எதுவும் வரவில்லை. அது பொய் என்ற திருத்தம் அதே வழியில் போய்ச்சேர 38 நிமிடங்கள் பிடித்தன. திருத்தச் செய்தி முன்கூட்டியே எழுதி வைக்கப்படாததும் அதற்கு ஒரு காரணம்.

நமக்கும் இதில் மூன்று படிப்பினைகள் உண்டு. ஒன்று, ஊர்ப் பக்கம் தானாக எச்சரிக்கை உருவாக்கக்கூடாது. உரிய நிறுவனம் வழங்கியதை, அதன் நேரத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டு, ஒத்திகைச் செய்தியை இடும் திரையும் உண்மைச் செய்தியை இடும் திரையும் வேறாக இருக்க வேண்டும்; வெளியிடுமுன் இரண்டாம் ஆள் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். மூன்று, “இது மீளப்பெறப்பட்டது” என்ற செய்தி முன்னரே எழுதித் தயாராக இருக்க வேண்டும்.

6. வாசிப்பவர் செய்ய வேண்டியது

மஞ்சள் வந்தவுடன் தொலைபேசியை மின்னேற்றி வையுங்கள். டித்வா வேளையில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. திரை இருண்ட பின் செய்தி நடந்துதான் போக வேண்டும். எந்த லயனுக்கு யார் போய்ச் சொல்வது, தனியாக இருக்கும் முதியவரை யார் கூட்டிவருவது, கோயில் மணியையோ ஒலிபெருக்கியையோ யார் இயக்குவது என்று முன்னரே பேசி வையுங்கள்.

செம்மஞ்சளில் அடையாள அட்டை, காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மருந்து ஆகியவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள். மாட்டின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள்.

நிலம் தரும் எச்சரிக்கை திரைக்கு முன்னரே வரலாம். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரென ஊறும் அல்லது வற்றிப்போகும் ஊற்று, கலங்கிய நீர், இறுகிப்போன கதவு ஆகியவற்றைக் கண்டால் சிவப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வெளியேறிவிட்டு 117க்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னுமொரு சொல். பகலில் பழைய நிலத்துக்குப் போய் லீக்ஸ் பிடுங்கவும் கிழங்கு தோண்டவும் வேண்டியிருக்கிறது. கடன் இருக்கும்போது அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கையின் நேரம் முடிந்தது என்பது திரும்பிக் குடியிருக்கலாம் என்ற அனுமதி ஆகாது. மழை விட்ட பின்னரும் ஊறிய மண் சரியலாம். திரும்புவதற்கு நிலத்தைப் பரிசோதித்த அதிகாரிகளின் தனி அறிவிப்பு வேண்டும். அதை எழுத்தில், தமிழில் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பரிசோதனை தாமதமானால் பிரதேச செயலகத்தில் கூட்டாகக் கேளுங்கள். வெளியேறுங்கள் என்று சொல்பவர்களுக்கு, எங்கே போய் வாழ்வது என்று சொல்லும் கடமையும் உண்டு. மீரியபெத்தவில் நிறைவேறாமல் போனது அந்தக் கடமையே.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. நமது பிரதேச செயலாளர் பிரிவு எது? நமது தோட்ட டிவிசன் அல்லது கிராமம் அதில் எங்கே உள்ளது?

2. கடந்த மழைக்கு வந்த ஓர் அறிவிப்பை எடுத்து, ஐந்து கேள்விகளுக்கும் அதில் பதில் உள்ளதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருத்தி எழுதுங்கள்.

3. தொலைபேசி இல்லாத வீடுகள் எவை? அங்கே செய்தி கொண்டுபோகும் பொறுப்பு யாருடையது?

4. இரவு 2 மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், எந்தப் பாதையால், எங்கே போவோம்? அடுத்த ஞாயிறு பகலில் அந்தப் பாதையால் பிள்ளைகளுடன் ஒருமுறை நடந்து பாருங்கள்.