காலேப் கேட்ட மலைநாடு

வேதபாடம்: யோசுவா 14:6–14

மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய சுவர்கள் வெளியே தெரியும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதைக் காண நெஞ்சு கனக்கும். இழந்த காணியை நினைத்திருப்பது அவிசுவாசமா? இடம்பெயர்ந்த நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி இது.

காலேப்பைப் பார்ப்போம். கானானை வேவு பார்க்கச் சென்ற 12 பேரில் 10 பேர் பயந்து, மக்களையும் கலங்கச் செய்தார்கள். காலேப்பும் யோசுவாவும் மட்டும் கடவுளை நம்பி நின்றார்கள். ஆயினும் மற்றவர்களின் தவறால் காலேப்பும் வனாந்தரத்தில் அலைந்தார். வேவு பார்க்கப் போனபோது அவருக்கு வயது 40. நிலம் கேட்டு யோசுவாவிடம் வந்தபோது 85. அந்த 45 ஆண்டுகளில் அவர் கடவுளை விட்டு விலகவில்லை. வாக்களிக்கப்பட்ட நிலத்தை மறக்கவும் இல்லை. கில்காலுக்குத் தம் கோத்திரத்தாரோடு வந்து, அந்த மலைநாட்டைத் தரும்படி கேட்டார். எபிரோன் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே, முழு இருதயத்தோடு கடவுளைப் பின்பற்றுவது வாய்மூடி இருப்பதல்ல. உரிய நட்டஈட்டையும் காணி உறுதியையும் கேட்பது விசுவாசக் குறைவுமல்ல. அதற்காகப் பொய் எழுதுவதும், அயலவரின் பங்கைப் பறிப்பதும், கிடைக்கும்வரை ஜெபத்தையும் பயிரையும் கைவிடுவதுமே நம் இருதயத்தை இரண்டாக்கும்.

சிந்திக்க:
1. இழந்ததைப் பற்றிக் கடவுளிடம் மனந்திறந்து பேசுகிறோமா?
2. நமக்குரியதைத் தனித்தனியே கேட்கிறோமா, சேர்ந்து கேட்கிறோமா?