டெலிட் கீ தட்டினால் சுவர் போய்விடுமா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று. ப்ளஸ் டூ படிக்கும் உங்கள் மகளோ மகனோ "இன்டீரியர் டிசைன் படிக்கப் போகிறேன்" என்கிறார். பக்கத்துத் தெருவில் "ஆறு மாதத்தில் டிசைனர் ஆகலாம்" என்று போர்டு தொங்குகிறது. அதில் சேர்த்துவிடலாமா? அல்லது பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படிக்க வைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வாரத்தில் ஓரளவு விடை காணலாம். அதற்கான பாடம்தான் இது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

நான் என்ஜினியரிங் முடித்து, சென்னையில் சாப்ட்வேர் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். வீடு மதுரையில். என் தங்கை 2022-ல் ப்ளஸ் டூ முடித்தாள். வீட்டின் உள்ளமைப்பை வடிவமைக்கும் இன்டீரியர் ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அதெல்லாம் சாப்ட்வேர்தானே. ஆறு மாதத்தில் கற்றுக் கொள்ளலாம். நான்கு வருடத்தை ஏன் வீணாக்குகிறாய்?" என்றேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனவே என் பேச்சை அப்பாவும் நம்பினார். அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, ஊரில் ஒரு டிப்ளமோ கோர்ஸில் சேர்த்தோம்.

அதே ஆண்டு எங்கள் அப்பத்தா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பின் சக்கர நாற்காலிதான். எங்கள் பாத்ரூம் கதவு இரண்டரை அடி. நிலைச் சட்டம் போக உள்ளே கிடைத்த வழி 66 செ.மீ. நாற்காலியின் அகலம் 65 செ.மீ. ஒவ்வொரு முறையும் அப்பத்தாவின் விரல் முட்டிகள் நிலையில் உரசிக் காயமாகும். "ஒண்ணுமில்லம்மா" என்று சேலையில் மறைத்துக் கொள்வார்.

டிசம்பரில் கோர்ஸ் முடிந்ததும் தங்கை முதல் வேலையாக எங்கள் வீட்டையே கம்ப்யூட்டரில் வரைந்தாள். ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைத் தேர்ந்தெடுத்து டெலிட் கீ தட்டினாள். சுவர் காணாமல் போயிற்று. நாற்காலி தாராளமாகப் போக வழி கிடைத்தது. படம் மிக அழகாக இருந்தது. அப்பா அதைப் பிரின்ட் எடுத்துக் கொத்தனாரை அழைத்து வந்தார்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். "இது ஒன்பது இஞ்ச் சுவர். தளம் இது மேலதான் உட்கார்ந்திருக்கு. இதை எடுத்தா தளம் எதுல நிக்கும் பாப்பா?" என்று கேட்டார்.

தங்கையிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. இரவு போனில், "அண்ணா, ஆறு மாசத்துல இந்த ஒரு கேள்விய ஏன் யாருமே கேக்கல?" என்றாள். சாப்ட்வேரில் தவறினால் கண்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி அன்டூ செய்யலாம். வீட்டில் அது முடியாது. இந்த வேறுபாட்டைத்தான் பல்கலைக்கழகம் கற்றுத் தருகிறது.

இனி பாடத்திற்கு வருவோம்.

தேவையானவை

ஒரு அளவு டேப், கோடு போடாத வெள்ளைத் தாள், பென்சில், கம்ப்யூட்டர். சாப்ட்வேர்: ஸ்வீட் ஹோம் 3டி. இது 2006-ல் வெளிவரத் தொடங்கிய இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதன் இணைய தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்; வேறு தளங்களில் இதனுடன் வேண்டாத புரோகிராம்களும் வந்து ஒட்டிக் கொள்ளலாம். இதற்கென விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

முதல் நாள்: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

ஆம், தவறாகப் படிக்கவில்லை. முதல் நாள் தாளும் டேப்பும்தான். ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். சமையலறை நல்லது. அதன் தோராய வடிவத்தைக் கையால் வரைந்து, கீழ்க்கண்ட அளவுகளை எழுதுங்கள்.

1. நான்கு சுவர்களின் நீளம், பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகள். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தும் குறுக்களவுகள் ஒன்றாக இல்லை என்றால் உங்கள் அறை சதுரமாக இல்லை என்று பொருள். பழைய வீடுகளில் இது சகஜம்.

2. கதவு, ஜன்னல் அகலம். ஜன்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் வேண்டும்.

3. சுவர்களின் கனம். கதவு நிலை இருக்கும் இடத்தில் அளக்கலாம். எந்தச் சுவர் ஒன்பது இஞ்ச், எது நாலரை இஞ்ச் என்று குறித்து வையுங்கள். பூச்சு சேர்ந்திருப்பதால் சற்றுக் கூடுதலாகவே வரும்.

4. சமையல் மேடையின் உயரம். அங்கே தினமும் நிற்பவரின் முழங்கை உயரம்.

நான்காவதுதான் முக்கியம். மேலை நாடுகளில் மேடை உயரம் சுமார் 90 செ.மீ. அங்குள்ள படங்களைப் பார்த்து அப்படியே கட்டினால் நம் வீட்டு அம்மாக்கள் பலருக்குத் தோள் வலிதான் மிச்சம். மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் வேலை சுலபம். நம் நாட்டவரின் உடல் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்கரவர்த்தி எழுதிய நூலை, அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் டிசைன் 1997-ல் வெளியிட்டது. டிசைன் படிக்கும் மாணவர்கள் இத்தகைய அளவுகளை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். கலர் தேர்வு எல்லாம் பிறகு.

சமையலறையை இப்படி முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக இவர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எங்கே திரும்புகிறார் என்று கணக்கிட்டே அதை அமைத்தார். சுமார் 10 ஆயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. உங்கள் அம்மா ஒரு வேளை சமையலுக்குள் அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை முறை போகிறார் என்று எண்ணிப் பாருங்கள். டிசைன் படிப்பின் முதல் பாடம் முடிந்துவிடும்.

இரண்டாம் நாள்: சுவர் எழுப்புதல்

ஸ்வீட் ஹோம் 3டி புரோகிராமைத் திறந்தால் திரை நான்கு கட்டங்களாகத் தெரியும். இடது மேலே பொருட்களின் பட்டியல், அதன் கீழே நீங்கள் வைத்த பொருட்கள், வலது மேலே பிளான், வலது கீழே 3டி தோற்றம்.

1. பைல் மெனுவில் பிரிபரன்ஸஸ் கிளிக் செய்து, யூனிட் என்ற இடத்தில் சென்டிமீட்டர் தேர்ந்தெடுங்கள். புதிய சுவரின் கனம், உயரம் இரண்டையும் உங்கள் வீட்டு அளவுக்கு மாற்றுங்கள்.

2. பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ் தேர்ந்தெடுங்கள். பிளானில் ஒரு முறை கிளிக் செய்து மவுஸை நகர்த்துங்கள். என்டர் தட்டினால் நீளத்தை எண்ணாகவே டைப் செய்திடலாம். கடைசிச் சுவரில் டபுள் கிளிக் செய்து முடியுங்கள்.

3. பட்டியலில் கதவு, ஜன்னல் பிரிவிலிருந்து ஒன்றை இழுத்துச் சுவர் மீது விடுங்கள். அது தானாகவே சுவரில் பொருந்திக் கொள்ளும். அதன் மீது டபுள் கிளிக் செய்து அளவுகளை மாற்றுங்கள். எலிவேஷன் என்ற கட்டத்தில் ஜன்னல் அடிப்பகுதியின் உயரத்தைக் கொடுக்க வேண்டும்.

4. கட்டில், பீரோ, அடுப்பு எல்லாவற்றையும் இதே போல வையுங்கள். பட்டியலில் உள்ள அளவை அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பீரோவை அளந்து எண்களை மாற்றுங்கள். உங்கள் வீட்டில் உள்ள பொருள் பட்டியலில் இல்லை என்றால் ஒரு பெட்டி வடிவத்தை வைத்து அளவு கொடுங்கள், போதும்.

அடிக்கடி சேவ் செய்ய மறக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: உள்ளே நடந்து பாருங்கள்

3டி வியூ மெனுவில் விர்ச்சுவல் விசிட் தேர்ந்தெடுத்தால் உங்கள் அறைக்குள் ஒரு ஆள் நிற்பார். அம்புக்குறி கீகளை அழுத்தினால் நடப்பார். அவருடைய கண் உயரத்தையும் மாற்றலாம். எங்கள் அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து கண் வரை 110 செ.மீ. தங்கை அந்த எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். பாத்ரூம் சுவிட்ச், கண்ணாடி, டவல் கம்பி எல்லாமே அப்பத்தாவுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு. எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு 150 செ.மீ.க்கு 150 செ.மீ. பெட்டி ஒன்றைப் பிளானில் வைத்தாள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஏறத்தாழ இவ்வளவு இடம் வேண்டும். பெட்டியை வீடு முழுக்க நகர்த்திப் பார்த்ததில் ஒரு பீரோவை இடம் மாற்றினாலே போதும் என்று தெரிந்தது. பாத்ரூம் கதவு இருந்தது நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில். கொத்தனாரும் பார்த்துச் சரி என்றார். மேலே புது லின்டல் போட்டு, 90 செ.மீ. வழி கிடைக்கும்படி நிலையை அகலப்படுத்தி, கதவு வெளிப்பக்கம் திறக்குமாறு மாட்டினார். உள்ளே யாராவது விழுந்துவிட்டாலும் வெளியிலிருந்து திறக்கலாம் அல்லவா? பெரிய சுவர் அப்படியே நிற்கிறது. அப்பத்தாவின் விரல்கள் ஆறின.

பல்கலைக்கழகத்தில் என்ன இருக்கிறது?

மேலே சொன்னதைச் செய்து பார்த்து, இரவு பத்து மணி ஆனதே தெரியாமல் உங்கள் பிள்ளை அளந்து கொண்டிருந்தால், இந்தப் படிப்பு அவருக்கு ஒத்துவரும். அழகான படம் வந்தால் போதும், அளப்பது அலுப்பு என்றால் சற்று யோசியுங்கள்.

டிசைன் பட்டப் படிப்பான பி.டெஸ். பொதுவாக நான்கு ஆண்டுகள். ஸ்டூடியோ வகுப்புதான் இதன் உயிர். மாணவர் தன் வரைபடத்தையும் அட்டை மாடலையும் ஆசிரியர்கள் முன் வைத்து, ஏன் இப்படி என்று விளக்க வேண்டும். மரம், கல், உலோகம் போன்ற பொருட்களின் தன்மை, கட்டடம் எப்படி எடையைத் தாங்குகிறது, வெளிச்சம், காற்று, குழாய், வயரிங் ஆகியவையும் பாடங்கள். இவை தெரிந்தவருக்குத்தான் எந்தச் சுவரைத் தொடலாம், எதற்கு என்ஜினியரைக் கேட்க வேண்டும் என்பது புரியும்.

அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைனுக்கென்று தனிப் பள்ளி 1991-ல் தொடங்கியது. நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் டிசைனில் பர்னிச்சர் மற்றும் இன்டீரியர் டிசைன் பிரிவு உள்ளது. பி.ஆர்க். முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வருபவர்களும் உண்டு. அது ஐந்து ஆண்டுப் படிப்பு. ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள். 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக் கொள்ள முடியும். இன்டீரியர் டிசைன் பட்டம் மட்டும் பெற்றவர் டிசைனர் என்றே போட்டுக் கொள்ள வேண்டும்.

தேதி முக்கியம்

நான் செய்த இரண்டாவது தவறு இதுதான். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தேன். ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் டிசைன் தேர்வுக்கும் ப்ளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கோர்ஸ் முடிந்து தங்கைக்கு உண்மை புரிந்த டிசம்பரில், யூசீட் தேர்வுக்கான விண்ணப்பம் மூடியிருந்தது. அவள் கல்லூரியில் சேர்ந்தது 2024-ல். இரண்டு வருடங்கள் என் பேச்சால் போயின. அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எனவே இந்த ஆண்டுக்கான தேதிகளை இன்றே அந்தந்த நிறுவனத்தின் இணைய தளத்தில் பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கட்டணத்துடன் ஹாஸ்டல், மாடல் செய்யும் பொருட்கள் செலவையும் கேளுங்கள். புது லேப்டாப்புக்கு அவசரப்பட வேண்டாம். தங்கையின் முதல் செமஸ்டர் பெரும்பாலும் பென்சிலிலும் அட்டையிலும்தான் போயிற்று. ஆட்டோகேட் புரோகிராமை மாணவர்களுக்கு, கல்லூரிச் சான்றைச் சரிபார்த்து, இலவசமாகவே தருகிறார்கள்.

ஆறு மாதக் கோர்ஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே கற்ற வேகம் தங்கைக்கு இன்றும் கை கொடுக்கிறது. ஆனால் அது பேனா பிடிக்கப் பழகுவது போல. என்ன எழுதுவது என்பதை வேறு இடத்தில்தான் கற்க வேண்டும்.

இந்த வாரம் டேப்பை எடுங்கள். உங்கள் வீட்டு பாத்ரூம் கதவில் இருந்தே தொடங்கலாம்.