பயணத்தில் இன்சுலின்: குளிர்பெட்டியைக் காரில் எங்கே வைப்பது?

கோடை விடுமுறையில் காரில் ஊர்ப்பயணம் சென்று திரும்பும் நீரிழிவு நோயாளிகளுள் சிலர், "ஊசியைத் தவறாமல் போட்டேன், உணவிலும் கட்டுப்பாடாகவே இருந்தேன், ஆயினும் சர்க்கரை ஏறிவிட்டது" என்று எங்களிடம் வருந்துவதுண்டு. மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள் என்று வினவினால், பல வேளைகளில் காரணம் புலப்பட்டுவிடுகிறது.

இன்சுலின் ஒரு புரதம். மிகுந்த வெப்பம் அதன் ஆற்றலைக் குன்றச் செய்யும். உறைந்துபோனாலும் அது கெடும். திறக்காத குப்பிகளையும் பேனாக்களையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்தல் வேண்டும். பயன்பாட்டில் உள்ளவற்றுள் பெரும்பாலான வகைகள், 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாத அறை வெப்பத்தில் ஏறத்தாழ 4 வாரங்கள் தாங்கும். உங்கள் மருந்துக்குரிய அளவை அதனுடன் வரும் தாளில் காண்க. வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய காரினுள் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டக்கூடும்.

எனவே, டேஷ்போர்டும் பின்கண்ணாடியை ஒட்டிய பலகையும் அறவே கூடா. முன் இருக்கையும் ஏற்றதன்று. விபத்தில் காற்றுப்பை விரியும் வழியில் பெட்டி இருத்தல் ஆபத்து. டிக்கி தனியாக மூடப்பட்ட கார்களில் குளிரூட்டிய காற்று அங்கு எட்டுவதில்லை. மூட்டைகளும் பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

முன் இருக்கைக்குப் பின்னுள்ள தரையே பொதுவாகச் சிறந்த இடம். பெட்டி அங்கு அடங்காவிடில், பின்னிருக்கையில் வெயில் படாத பக்கம் வைத்து, இருக்கைப் பட்டையால் இறுகக் கட்டுக. காற்றுத் துளைகளைச் சுற்றி இடைவெளி விடுக. இயங்கும் பெட்டியைத் துணியால் போர்த்த வேண்டா.

கம்ப்ரசர் இல்லாத எளிய மின்குளிர்பெட்டிகள், சுற்றியுள்ள வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரையே குறைக்க வல்லவை. காரினுள் 40 டிகிரி இருந்தால், பெட்டியினுள் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே, ஒரு சிறு வெப்பமானியை மருந்தின் அருகில் வைத்துப் பாருங்கள். பனிக்கட்டிப் பைகளையோ உறையும் சுவரையோ மருந்து தொடாதவாறு துணியில் சுற்றி வையுங்கள்.

பல கார்களில் இன்ஜினை நிறுத்தியதும் 12 வோல்ட் மின்னிணைப்பும் நின்றுவிடும். உணவுக்கோ தரிசனத்துக்கோ இறங்கும்போது இன்சுலினைக் கைப்பையில் உடன் எடுத்துச் செல்க. ஆளில்லாத காரில் மருந்தும் இருத்தலாகாது.

உறைந்த மருந்தை, மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும், பயன்படுத்தாதீர்கள். வெப்பத்தில் கெட்ட மருந்தும் பார்வைக்கு மாறாமல் இருக்கலாம். பயணத்தில் காரணமின்றிச் சர்க்கரை ஏறினால், நீங்களாகவே அளவைக் கூட்டாமல் புதிய குப்பிக்கு மாறி, மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தியோ மூச்சுவாங்கலோ சேர்ந்தால், பயணத்தை நிறுத்தி, அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.